தமிழைத் தேடி உலகம் சுற்றிய தனிநாயகம் அடிகளார்



சென்ற நூற்றாண்டில் வாழ்ந்து மறைந்த பெரியார் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை இந்த இதழில் சுருக்கமாகத் தருகிறோம். அவர் நம் சமூகத்தவர் அல்லர், கத்தோலிக்கப் பாதிரியார். வியாபாரியும் அல்லர், பல்கலைக் கழகப் பேராசிரியர். ஆயினும் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கடை வைத்துப் பிழைக்கும் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் அவரை அறிந்திருப்பது அவசியம். நம் செந்தூலிலிருந்து சில மைல் தூரத்தில், லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக் கழகத்தில், 1961 முதல் 1969 வரை இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்து, நம் தாய்மொழியை உலக மேடையில் ஏற்றியவர் அவர். அவர்தாம் சேவியர் தனிநாயகம் அடிகளார்.

பிறப்பும் படிப்பும்

1913ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2ஆம் தேதி, இலங்கையின் வட பகுதியில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பன் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தகப்பனார் நெடுந்தீவைச் சேர்ந்தவர். பெற்றோர் இட்ட பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது முன்னோர் வழியில் வந்த பெயர். அதைப் பின்னாளில் அவரே விரும்பி எடுத்துக் கொண்டார்.

ஊர்காவற்றுறை அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். பிறகு கொழும்பில் குருமடம். அங்கிருந்து 1934இல் ரோமாபுரி. 1938இல் அங்கேயே பாதிரியாராக ஆனார். 1939இல் படிப்பை முடித்துக் கொண்டு கீழ்த்திசைக்குத் திரும்பினார். ஆங்கிலம், லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துக்கீசியம் என்று பல மொழிகள் அவருக்கு வசமாயின.

ஆனால் ஒரு குறை இருந்தது. அந்தக் காலத்து ஆங்கிலக் கல்வியின் போக்கினால் தாய்மொழியாகிய தமிழை அவர் முறையாகக் கற்கவில்லை. வீட்டில் பேசுகிற தமிழ் தெரியும். புலவர்கள் எழுதிய தமிழ் தெரியாது. இன்று மலாயும் ஆங்கிலமும் நன்றாகப் பேசி எழுதத் தெரிந்து, தமிழை மட்டும் காதால் கேட்டுப் புரிந்து கொள்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அவருடைய நிலை நமக்கு நன்றாக விளங்கும்.

இருபத்தேழு வயதில் அரிச்சுவடி

ரோமாபுரியிலிருந்து திரும்பியவர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். 1940இல் திருநெல்வேலிச் சீமையில் உள்ள வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். அப்போது வயது இருபத்தேழு. ஐரோப்பாவில் உயர்ந்த பட்டம் பெற்ற அந்த மனிதர், பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்பவரிடம் மாணவராக உட்கார்ந்து தமிழை அடியிலிருந்து பாடம் கேட்டார். பாதிரியார் ஒருவர் பிராமணப் பண்டிதரிடம் இலக்கணம் கேட்க, பண்டிதரும் மனம் ஒப்பிச் சொல்லிக் கொடுத்தார். கற்கிறவனுக்கும் கற்பிக்கிறவனுக்கும் நடுவே மார்க்க வித்தியாசம் குறுக்கே நிற்கவில்லை.

படிப்பு அத்துடன் நிற்கவில்லை. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து தமிழில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதன் பின் சங்கப் பாட்டுகளில் மலை, காடு, வயல், கடல் முதலிய இயற்கைக் காட்சிகள் எவ்வாறு அமைந்துள்ளன என்று ஆராய்ந்து எம்.லிட். பட்டத்துக்கு ஆய்வுரை எழுதினார். அது ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்து, தமிழ் தெரியாத நாட்டாருக்கும் சங்க இலக்கியத்தின் வாசலைத் திறந்து விட்டது. 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் என்னும் அமைப்பையும் ஏற்படுத்தினார்.

முப்பது வயதை எட்டும் போது தொடங்கிய ஒருவர் முப்பத்தாறு வயதில் அம்மொழியின் அறிஞராகி விட்டார். வயது கடந்து விட்டது, இனிமேல் எங்கே தமிழ் படிப்பது என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

மேடை மேடையாகப் பேசினார்

1949இல் பயணம் புறப்பட்டார். ஜப்பான், அமெரிக்க ஐக்கிய நாடுகள், தென்னமெரிக்க நாடுகள் என்று 1951 வரை சுற்றினார். சென்ற இடமெல்லாம் பல்கலைக் கழகங்களிலும் பொதுச் சபைகளிலும் தமிழைப் பற்றிச் சொற்பொழிவு செய்தார். அக்காலத்தில் இந்தியாவின் பழைய மொழி என்றால் சமஸ்கிருதம் ஒன்றே என்பது மேல்நாட்டாருடைய பொதுவான எண்ணம். இரண்டாயிரம் வருஷத்து இலக்கியத்தை உடையதும், இன்றும் கடைத்தெருவில் பேசப்படுவதுமான மொழி ஒன்று தெற்கே இருக்கிறது என்பதை அறிஞர்களிலும் சிலரே அறிந்திருந்தனர்.

இந்த நிலையில் அடிகளார் செய்த காரியம் வியாபாரிகளாகிய நமக்கு எளிதில் விளங்கும். நல்ல சரக்கு கிட்டங்கியில் கிடந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவனுக்கு அது இருப்பதே தெரியாவிட்டால் விலை போகாது. அவனுக்குப் புரிகிற பாஷையில் மாதிரியைக் காட்ட வேண்டும். ஆகவே 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் காலாண்டிதழை ஆங்கிலத்தில் தொடங்கினார். 1966 வரை அது நடந்தது. பாரிஸிலும் பிராகுவிலும் ஆக்ஸ்போர்டிலும் இருந்த அறிஞர்கள் தமிழ் ஆராய்ச்சியில் எங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்து கொள்ள அது துணையாயிற்று.

ஆங்கிலத்தோடு நின்று விடாமல் தமிழ் மக்களுக்காகத் தமிழிலும் எழுதினார். தாம் கண்ட நாடுகளைப் பற்றி அவர் எழுதியவை ‘ஒன்றே உலகம்’ என்னும் நூலாயின. புறநானூற்றுப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் பரந்த நோக்கத்தை அவர் போன இடமெல்லாம் எடுத்துச் சொன்னார். மொழிப் பற்று என்பது பிறர் மொழியை வெறுப்பது ஆகாது என்பதற்கு அவரே எடுத்துக்காட்டாக விளங்கினார்.

ஐரோப்பாவில் கிடந்த தமிழ்

1952இல் இலங்கைப் பல்கலைக் கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளர் ஆனார். இடையில் லண்டன் சென்று, பழந்தமிழ் இலக்கியத்தில் கல்வியைப் பற்றிக் கூறியுள்ள கருத்துக்களை ஆராய்ந்து 1957இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே அரசாங்க மொழி என்று சட்டம் வந்தபோது, தமிழுக்கும் சம உரிமை வேண்டும் என்று துணிந்து பேசியவர்களில் இவரும் ஒருவர். பேச்சும் எழுத்தும் கண்ணியமாக இருக்கும். கொள்கையில் தளர்ச்சி இராது.

இந்த 1950களில் அவர் செய்த தேடல் வேலை தனிச் சிறப்பு வாய்ந்தது. ஐரோப்பிய நூல் நிலையங்களில் தூசி படிந்து கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் தேடிப் பார்த்து, அவற்றின் விவரங்களைத் தம் இதழில் எழுதினார்.

அவற்றில் ஒன்று 1554இல் லிஸ்பன் நகரில் அச்சான சிறு கிறிஸ்தவ உபதேச நூல். போர்த்துகல் நாட்டில் இருந்த தமிழர் மூவர் அதன் தயாரிப்பில் உழைத்தனர். அதில் உள்ளது தமிழ். ஆனால் எழுத்து ரோமன் எழுத்து. தமிழ் வார்த்தைகளோடு போர்த்துக்கீசிய அர்த்தமும் கொடுக்கப்பட்டிருக்கிறது. மதரஸாவில் ஓதிய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ்க் கிதாபுகளை நம் பெரியவர்கள் ஓதி வந்தார்கள் அல்லவா? எழுத்து எதுவானாலும் உள்ளே இருப்பது நம் மொழியே.

தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல்களைப் பற்றியும் அவர் எழுதினார். 1578இல் கொல்லத்தில் பதினாறு பக்கங்களில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. 1586இல் புன்னைக்காயலில் ‘அடியார் வரலாறு’ என்னும் பெரிய நூல் அச்சாயிற்று. புன்னைக்காயல் எங்கே இருக்கிறது என்பதைக் காயல்பட்டினத்துச் சகோதரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்து ஊர்தான். நம் கப்பல்கள் போய் வந்த அதே கரையில், நானூறு வருஷங்களுக்கு முன்பே தமிழ் அச்சுக்கூடம் நடந்திருக்கிறது. அந்த ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூல் நிலையத்தில் இருந்தது.

அதே நூல் நிலையத்தில் அவர் கண்ட மற்றொரு நூல் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி. அந்தம் தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்தது. அவர் 1666இல் இறந்து போக, பதின்மூன்று வருஷங்கள் கழித்து 1679இல் மலையாளக் கரையில் உள்ள அம்பலக்காட்டில் அது அச்சாயிற்று. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. முந்நூறு வருஷங்களுக்கு முன் கடலோரத்து மக்கள் எந்தச் சொல்லை எந்தப் பொருளில் வழங்கினார்கள் என்பதற்கு அது சாட்சி. அடிகளார் அதைப் படம் பிடிக்கச் செய்து, பக்கத்துக்குப் பக்கம் மாறாமல் மறுபதிப்பாக 1966இல் நம் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். ரோமாபுரியில் ஓர் அலமாரியில் இருந்த நூல் உலகத்துக்கெல்லாம் பொதுவாயிற்று.

ஒரு வெள்ளியில் எழுந்த துறை

அடிகளார் 1961இல் கோலாலம்பூருக்கு வந்து தலைமை ஏற்ற இந்திய ஆய்வியல் துறைக்கு ஒரு பூர்வ கதை உண்டு. மலாயாப் பல்கலைக் கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, 1950களின் நடுவில், இந்தியப் படிப்புக்கு ஒரு துறை அமைப்பது பற்றி யோசனை எழுந்தது. ஆலோசனை கூற வந்த சரித்திரப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சமஸ்கிருதத்துக்கே முதலிடம் தருமாறு கருத்துத் தெரிவித்தார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்களாயிருக்க, தமிழுக்கு இடம் இல்லையா என்று பெரும் கிளர்ச்சி எழுந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்பதே வேண்டுகோள். தோட்டத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் கடைக்காரரும் கொடுத்தார்கள். முடிவில் தமிழே அத்துறையின் மொழியாயிற்று. திரட்டிய நிதி தமிழ் நூலகத்துக்கு உதவியது.

ஆகவே அடிகளார் உட்கார்ந்த நாற்காலி மக்களுடைய கைக்காசினால் கிடைத்த நாற்காலி. அந்த முதலை அவர் வீணாக்கவில்லை. எட்டு வருஷ காலத்தில் மாணவர்களைத் தயாரித்தார். நூல்களை வெளியிட்டார். அகராதியின் மறுபதிப்பு வந்த அதே 1966இல், தமிழைப் பற்றிய நூல்களின் விவரக் கையேடு ஒன்றையும் தொகுத்து வெளியிட்டார். கடையில் இருப்பு எடுக்காமல் வியாபாரம் செய்கிறவனுக்கு எது இருக்கிறது, எது இல்லை என்று தெரியாது. தமிழாராய்ச்சி என்னும் கடைக்கு முறையாக இருப்பு எடுத்தவர்களில் இவர் முன்னணியில் நின்றார்.

கோலாலம்பூரில் கூடிய உலகம்

1964ஆம் வருஷம் ஜனவரி மாதம் புதுடில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் அகில உலக மாநாடு நடந்தது. அதற்கு வந்திருந்த தமிழறிஞர்களும், தமிழ் கற்ற மேல்நாட்டு அறிஞர்களும் 7ஆம் தேதி தனியே கூடினர். அங்கே உருவானதுதான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம். பாரிஸ் பேராசிரியர் ஜான் பிலியோசா தலைவரானார். செக்கோஸ்லோவாக்கியா நாட்டுக் கமில் சுவலபிலும் தனிநாயகம் அடிகளாரும் செயலாளர்கள்.

மன்றம் காகிதத்தில் மட்டும் இருந்து விடாமல் இரண்டே வருஷத்தில் மாநாடு கூட்டியது. முதல் மாநாடு எங்கே? சென்னையிலா, மதுரையிலா? இல்லை. கோலாலம்பூரில். 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் திறந்து வைத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்து கட்டுரை வாசித்தார்கள்.

இதன் அருமையைச் சற்று நினைத்துப் பாருங்கள். மலாய் முஸ்லிம் பிரதமர் ஒருவர் தமிழ் மாநாட்டைத் திறந்து வைக்கிறார். கத்தோலிக்கப் பாதிரியார் அதை நடத்துகிறார். சைவரும் வைணவரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வாழும் ஊரில் அது கூடுகிறது. தமிழ் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய சொத்து என்று யாரேனும் கருதினால், அவர்களுக்கு மறுமொழி கோலாலம்பூரிலேயே எழுதப்பட்டு விட்டது.

இரண்டாம் மாநாடு 1968இல் அண்ணாதுரை முதலமைச்சராயிருந்தபோது சென்னையில் நடந்தது. மூன்றாவது 1970இல் பாரிஸில். கோலாலம்பூரிலேயே 1987இல் ஆறாவது மாநாடும் 2015இல் ஒன்பதாவது மாநாடும் கூடின. முதல் விதை விழுந்த மண் இது.

யாழ்ப்பாணத்துத் துயரம்

அடிகளார் 1969இல் மலேசியாவை விட்டுச் சென்றார். பின்னர் இலங்கைக்குத் திரும்பினார். நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் அவருடைய சொந்த நாடாகிய யாழ்ப்பாணத்தில் நடந்தது. 10ஆம் தேதி இரவு கடைசிப் பொதுக் கூட்டம். திரளான ஜனங்கள். அப்போது மேடையில் பேசிக் கொண்டிருந்தவர் திருச்சியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் நயினார் முகம்மது. அவருடைய தமிழில் ஜனங்கள் தம்மை மறந்திருந்தார்கள். அந்த வேளையில் போலீசார் கூட்டத்தைக் கலைக்கப் புகுந்தனர். குழப்பத்தில் மின்சாரக் கம்பி அறுந்து விழ, ஒன்பது பேர் மாண்டனர்.

தமிழ் கேட்க வந்த ஜனங்கள் உயிரிழந்தனர் என்பது ஆறாத துக்கம். அந்த நேரத்தில் அவர்களுடைய காதில் விழுந்து கொண்டிருந்தது தமிழ் முஸ்லிம் ஒருவருடைய குரல் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

அடிகளார் வாழ்நாளின் கடைசி வருஷத்திலும் யாழ்ப்பாணத்தில் தமிழாராய்ச்சியைப் பற்றியே தொடர் சொற்பொழிவு செய்தார். இதுவரை செய்தது என்ன, இனிச் செய்ய வேண்டியது என்ன என்று கணக்குப் பார்த்துச் சொன்னது போல அது அமைந்தது. 1980 செப்டம்பர் 1ஆம் தேதி, அறுபத்தேழாம் வயதில் காலமானார்.

நாம் செய்ய வேண்டியது

நியூசிலாந்து தேசத்தின் தலைநகர் வெலிங்டனில் உள்ள அரும்பொருட் காட்சிச்சாலையில் வெண்கல மணி ஒன்று இருக்கிறது. அந்நாட்டுப் பழங்குடி மக்கள் அதைக் கவிழ்த்து வைத்துக் கிழங்கு அவித்துக் கொண்டிருந்ததை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் கண்டு வாங்கினார். அதைச் சுற்றித் தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அந்த எழுத்தின் பொருள். நம்மைப் போன்ற ஒரு முஸ்லிம் கப்பல்காரர். தம் மணியில் தம் பெயரைத் தமிழில் பொறித்திருந்தார். அந்த எழுத்து இல்லாவிட்டால் அது யாரோ ஒருவருடைய பாத்திரமாகவே போயிருக்கும்.

நம் பாட்டனார்களும் கடல் கடந்து வந்தவர்களே. பினாங்கிலும் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் அவர்கள் வைத்த கடைகளின் பேரேடுகள், ஊருக்கு எழுதிய கடிதங்கள், பெட்டியில் கொண்டு வந்த அரபுத்தமிழ்க் கிதாபுகள், திருமணப் பத்திரங்கள், சங்க நோட்டீசுகள் ஆகியவை நம்மில் பலருடைய கடை மாடியிலும் வீட்டுப் பரணிலும் கிடக்கின்றன. கடையை இடம் மாற்றும் போதும், பாகம் பிரிக்கும் போதும் பழைய காகிதக்காரனிடம் எடை போட்டுக் கொடுத்து விடுகிறோம். எந்த விலைக்குச் சரக்கு வாங்கினார்கள், யாருக்குக் கடன் கொடுத்தார்கள், எந்தச் சொல்லால் எதைக் குறித்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. இந்த நாட்டில் நாம் எப்படிக் காலூன்றினோம் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி ஏது?

அடிகளார் லிஸ்பனுக்கும் வத்திக்கானுக்கும் போய்த் தேடினார். நாம் பரண் வரைக்கும் ஏறினால் போதும். எடைக்குப் போடுமுன், படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுவோம். தேதியும் உடையவர் பெயரும் ஒரு சீட்டில் எழுதி வைப்போம். ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வைப்போம். பெறுமதியானது என்று தெரிந்தால், அவர் தலைமை வகித்த அதே இந்திய ஆய்வியல் துறை நம் ஊரிலேயே இருக்கிறது. கொண்டு போய்க் காட்டலாம்.

இரண்டாவது காரியம் பிள்ளைகளைப் பற்றியது. மலாய் இந்நாட்டின் மொழி. ஆங்கிலம் வியாபாரத்துக்கு வேண்டும். அரபு மார்க்கத்துக்கு வேண்டும். பல மொழிகளைக் கற்ற அடிகளாருக்கு அவற்றில் எதுவும் தமிழுக்குத் தடையாக நிற்கவில்லை; அவையே தமிழை வெளியே கொண்டு செல்லும் வாகனங்களாயின. பாட்டனாருடைய பேரேட்டை எடுத்துக் கொடுத்தால் வாசிக்கத் தெரிகிற அளவுக்காவது நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுப்போமாக. பள்ளிப் பருவம் கடந்து விட்டதே என்று வருந்துகிற வாலிபர்கள் இருந்தால், இருபத்தேழு வயதில் வடக்கன்குளத்துப் பண்டிதர் முன்னே ஏட்டை விரித்து உட்கார்ந்த அந்தப் பெரியாரை அவர்களுக்கு ஞாபகப்படுத்துவோமாக.